அசீரிய அரண்மனைச் சுவர்களில் மலையும் ஆறும் மரமும் என்ன சொல்கின்றன?

உங்கள் கேள்வி இரண்டு பகுதியாக இருந்தது. அசீரிய மன்னர்களின் புடைப்புச் சிற்பங்களில் போர்க்காட்சிகளுக்குப் பின்னால் மீன்செதில் போன்ற வடிவம், சுழிசுழியாகத் தண்ணீர், ஒரே அச்சில் வார்த்த மரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே, அவை வெற்றிடத்தை நிரப்பும் அலங்காரமா? இறக்கையுள்ள உருவங்களுக்கு நடுவே நிற்கும் அந்த விசித்திரமான மரம் எது?

முதல் பகுதிக்கு நேரான பதில்: அலங்காரம் இல்லை. அசீரியச் சிற்பத்தில் நிலம் ஒரு கதாபாத்திரம். மன்னன் அதைக் கடக்கிறான், வெட்டுகிறான், அதிலிருந்து எடுத்துக்கொள்கிறான், கடைசியில் தன் ஊரில் அதைத் தோட்டமாக நட்டு வைக்கிறான். அந்த நான்கு வேலைகளில் எது நடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலான பலகைகள் தாமாகவே பேச ஆரம்பித்துவிடும். மரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது வேறு கதை.

நாம் பேசுவது கி.மு. 9 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலான அரண்மனைகளை. இன்றைய ஈராக்கின் மொசுல் நகரைச் சுற்றி இவை இருந்தன. காலாவில் (இன்றைய நிம்ருத்) இரண்டாம் அசுர்நசிர்பால் (கி.மு. 883–859) கட்டியது, துர்-ஷருக்கினில் (கோர்சாபாத்) இரண்டாம் சார்கோன் கட்டியது, நினிவேயில் சனகெரிப்பும் அவன் பேரன் அசுர்பானிபாலும் கட்டியவை. அறைச் சுவர்களின் அடிப்பகுதி முழுக்க ஜிப்சம் பலகைகள், அவற்றில் ஆழமில்லாத செதுக்கல், மேலே வண்ணம். இன்று பெரும்பாலும் வெறும் சாம்பல் நிறத்தில் பார்க்கிறோம். அங்கங்கே சிவப்பும் கறுப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சனகெரிப்பின் அரண்மனையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் லேயார்டு, அங்கே தான் கண்ட சிற்பச் சுவரின் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் என்று கணக்குச் சொன்னார்.

அந்தச் செதில் வடிவம் மலை. மெசொப்பொத்தேமிய முத்திரைகளில் கி.மு. 3-ஆம் ஆயிரத்தாண்டிலேயே மலைக்கு அதுதான் குறி. அலைகோடும் சுழியும் தண்ணீர். அதில் மீன், நண்டு, ஆமை, விலாங்கு. பேரீச்சை நின்றால் தெற்கே பாபிலோனியப் பக்கம். ஆளுயர நாணல் என்றால் பாரசீக வளைகுடாவை ஒட்டிய சதுப்பு. ஊசியிலை மரங்கள் வடக்கு, கிழக்கு மலைகளையோ லெபனான் பக்கத்தையோ காட்டும். எழுத்துப் படிக்கத் தெரியாத ஒரு தூதன் அந்த அறைக்குள் நுழைந்தாலும் இது எந்தத் திசைப் போர் என்று புரிந்துகொள்வான். தன் ஊர் மரம் அந்தச் சுவரில் இருக்கிறதா என்று அவன் கண் தானாகத் தேடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் இவை வெறும் குறிகளாகவே இருந்தன. அசுர்நசிர்பாலின் பலகைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, நடுவே கல்வெட்டுப் பட்டையோடு இருக்கும். அதில் ஒரு காட்சி பிரபலம். தப்பி ஓடும் ஆட்கள் ஊதிய ஆட்டுத்தோலை மார்பில் அணைத்துக்கொண்டு ஆற்றை நீந்திக் கோட்டைக்குப் போகிறார்கள், கரையில் நின்று அசீரிய வில்லாளிகள் அம்பு விடுகிறார்கள். ஆறும் நாலைந்து மரங்களும் கோட்டையும் தவிர வேறெதுவும் இல்லை. கதைக்கு எவ்வளவு நிலம் வேண்டுமோ அவ்வளவு மட்டும்.

சனகெரிப் (கி.மு. 705–681) காலத்தில் இது தலைகீழாக மாறுகிறது. நடுப்பட்டைக் கல்வெட்டை எடுத்துவிட்டார்கள். பலகையின் அடியிலிருந்து உச்சிவரை செதில்மலை பரவுகிறது. ஆட்கள் சின்னதாகி அந்த மலைக்குள் சிதறிக் கிடக்கிறார்கள். உயரத்திலிருந்து ஒரு பள்ளத்தாக்கையே பார்ப்பதுபோன்ற உணர்வு முதல்முறையாக வருகிறது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் லாகீசு முற்றுகை. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கி.மு. 701-இல் யூதா நாட்டின்மேல் படையெடுத்த சனகெரிப் லாகீசு கோட்டையைப் பிடித்தான். அந்த வெற்றிக்கென்றே நினிவே அரண்மனையில் ஓர் அறையை ஒதுக்கினான். இடமிருந்து வலமாகப் பார்த்தால் முதலில் தாக்குதல், மண்மேடு போட்டு மதில்மேல் ஏறும் முற்றுகைப் பொறிகள், எரியும் பந்தங்கள். அப்புறம் நகரத்தை விட்டு வெளியேறும் குடும்பங்கள், மாட்டுவண்டிமேல் மூட்டைகள், அவற்றின்மேல் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் குன்றின்மேல் அரியணை போட்டு உட்கார்ந்திருக்கும் மன்னன், பின்னால் அவன் கூடாரம். இந்த நீளம் முழுக்கச் செதில்மலை. அந்த மலை முழுக்கத் திராட்சைக் கொடிகள், அத்தி மரங்கள். கொடியில் குலை தொங்குகிறது. அத்தி இலையின் விரல் விரலான வெட்டுகூடத் தெரிகிறது. நாடு கடத்தப்படும் ஆட்கள் காய்த்துக் குலுங்கும் தோட்டத்தின் வழியாகவே நடந்துபோகிறார்கள்.

பைபிள் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டும். அதே படையெடுப்பின்போது எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று அசீரியத் தளபதி பேசிய பேச்சு 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சரணடையுங்கள், அவனவன் தன் திராட்சைக் கொடியின் கனியையும் தன் அத்திமரத்தின் கனியையும் சாப்பிடலாம் என்கிறான். அதோடு நிற்கவில்லை. பிறகு நான் வந்து உங்களை உங்கள் நாட்டைப் போன்ற, தானியமும் திராட்சைத் தோட்டமும் ஒலிவமும் உள்ள இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவேன் என்றும் சொல்கிறான். நாடு கடத்தலை இதைவிட இனிப்பாகச் சொல்ல முடியாது. லாகீசு சுவரில் இருக்கும் திராட்சையும் அத்தியும் அந்தப் பேச்சின் மறுபக்கம். அந்த மக்கள் எதைப் பறிகொடுத்தார்கள், அது இப்போது யாருடையது என்பதை அந்த இலைகள் சொல்லிவிடுகின்றன. வளமில்லாத நாட்டைப் பிடித்ததில் மன்னனுக்கு என்ன பெருமை? அதனால் தோற்ற நாட்டைப் பெரும்பாலும் பசுமையாகவே செதுக்கினார்கள்.

இது பழைய கண்டுபிடிப்போடு முடிந்த விஷயமும் இல்லை. மொசுலில் ஐ.எஸ். அமைப்பு இடித்த நினிவேயின் மஷ்கி வாயிலைச் சீரமைக்கும் வேலையின்போது, 2022-இல் சனகெரிப் காலத்துப் பலகைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. வில்லாளிகளோடு கூடவே மலைகள், திராட்சைக் கொடிகள், பேரீச்சை.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அசீரியாவின் மையப்பகுதி டைக்ரிஸ் கரைச் சமவெளி; சண்டை வந்தது மலையிலிருந்து. அதனால் மன்னர்களின் கல்வெட்டுகளில் மலையே பாதி எதிரி. கி.மு. 714-இல் அசீரியாவுக்கு வடக்கே மலைநாடான உரார்ட்டுவின்மேல் போன சார்கோன், அசுர் தெய்வத்துக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சிமிரியா என்ற சிகரத்தை ஈட்டி முனைபோல நிமிர்ந்து நிற்பது என்று வருணிக்கிறான். செப்புக் கருவிகளால் பாறையை உடைத்துப் பாதை போட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். அவன் மகன் சனகெரிப் இன்னும் ஒருபடி மேல். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் நிப்பூர் மலையில் ஏறியபோது, பல்லக்கு போக முடியாத இடத்தில் தானே இறங்கி நடந்து, முழங்கால் ஓய்ந்த இடத்தில் பாறைமேல் உட்கார்ந்து, தோல்பையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் குடித்ததாக எழுதி வைத்தான். ஒரு பேரரசன் கால் வலித்ததை ஏன் கல்லில் பொறிக்க வேண்டும்? மலை எவ்வளவு கடுமையோ அவ்வளவு பெரியவன் அதில் ஏறியவன், அதனால்தான். சிற்பத்தில் செதில்கள் சுவர் முழுக்கப் பரவியதையும் இந்த வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

அசீரிய மன்னன் மலையில் ஏறியதோடு விடுவதில்லை, தன் உருவத்தை அங்கே செதுக்கிவிட்டுத்தான் திரும்புவான். இதற்கு அருமையான சாட்சி, நிம்ருத்துக்கு அருகே பலாவத் என்ற ஊரில் கிடைத்த வாயிற்கதவுகள். மூன்றாம் சல்மனாசரின் (கி.மு. 859–824) மரக்கதவுகளில் அடித்திருந்த வெண்கலப் பட்டைகள், 1878-இல் தொல்லியலாளர் ஹொர்முசுத் ரஸ்ஸாம் தோண்டியெடுத்தவை. ஓரடிக்கும் குறைவான அகலமுள்ள ஒரு பட்டையில் கி.மு. 852-இல் மன்னன் டைக்ரிஸ் ஆற்றின் ஊற்றுக்குப் போன காட்சி இருக்கிறது. மலை உடலுக்குள் குகை. அதிலிருந்து ஆறு வருகிறது. தண்ணீருக்குள் ஆட்கள் பந்தம் பிடித்து நிற்கிறார்கள். குகை வாசலில் ஒரு சிற்பி பாறையில் மன்னன் உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். பலி கொடுக்க மாட்டை இழுத்து வருகிறார்கள். சிற்பத்துக்குள்ளேயே சிற்பம் உருவாகும் காட்சி! இதில் சுவாரசியம் என்னவென்றால், அந்தக் குகை உண்மையிலேயே இருக்கிறது. துருக்கியில் தியார்பகிர் மாகாணத்தில், பிர்க்லெய்ன் என்ற இடத்தில். சல்மனாசரின் உருவமும் எழுத்துகளும் இன்றும் பாறையில் உள்ளன. ஆறு பிறக்கும் இடத்தில் தன் முகத்தை வைத்துவிட்டால் கீழே ஓடும் தண்ணீர் முழுக்க யாருடையது என்பதில் சந்தேகம் வராது.

ஆனால் மலை என்றாலே பகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அசுர் நகரத்துக் கிணறு ஒன்றில் கிடைத்து இப்போது பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக உள்ள ஒரு பலகையில், இடுப்புக்குக் கீழே செதில்மலையாக உள்ள ஒரு தெய்வம் கையில் கிளைகளைப் பிடித்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆடுகள் அவற்றை மேய்கின்றன. பக்கத்தில் குடங்களோடு நீர்த்தெய்வங்கள். கி.மு. 2-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது. அதே செதில்தான், ஆனால் இங்கே அது உணவும் தண்ணீரும் தரும் உடல்.

தண்ணீர்க் காட்சிகளில் எனக்குப் பிடித்தது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சார்கோனுக்காக மரம் ஏற்றிச் செல்லும் காட்சி. குதிரைத்தலை முனை வைத்த படகுகள் பெரிய பெரிய மரங்களை ஏற்றியும் கயிறு கட்டி இழுத்தும் கடலில் போகின்றன. அந்தக் கடலுக்குள் மீன், நண்டு, ஆமையோடு இறக்கைக் காளையும் மனிதத்தலைக் காளையும் மீன்வால் மனிதனும் நீந்துகிறார்கள். அசீரிய அரண்மனை வாசலைக் காக்கும் அதே காவல் உருவங்கள் நடுக்கடலில்! இது மன்னன் வீட்டு மரம், வழியில் எதுவும் ஆகாது என்று சொல்வதற்கு இதைவிட நேரடியான வழி இல்லை. இதற்கு எதிர்முனை, அசுர்பானிபாலின் தில்-துபா போர்க்காட்சி. ஏலாமின் (இன்றைய தென்மேற்கு ஈரான்) மன்னன் தேயும்மன் தோற்ற அந்தப் போர் ஏறத்தாழ கி.மு. 653-இல் நடந்தது. காட்சியின் வலது ஓரம் மேலிருந்து கீழாக உலாய் ஆறு. பிணங்களும் குதிரைகளும் உடைந்த வண்டிகளும் வில்களும் அதில் மிதக்கின்றன, அவற்றுக்கு நடுவே மீன்கள் வழக்கம்போல நீந்துகின்றன. எதிரியின் பிணங்களால் ஆற்றையே அடைத்தேன் என்ற மன்னனின் பெருமைப் பேச்சைச் சிற்பி எழுத்துக்கு எழுத்து அப்படியே செதுக்கிவிட்டான்.

இனி வெட்டுவது. சனகெரிப்பின் தென்திசைப் போர்க்காட்சிகளில் சிப்பாய்கள் கோடரியோடு பேரீச்சை மரங்களைச் சாய்க்கிறார்கள். பேரீச்சை நட்டுப் பலன் தரப் பல வருஷம் ஆகும். அதை வெட்டினால் ஒரு தலைமுறையின் சாப்பாட்டில் கை வைத்த மாதிரி. சல்மனாசர் தமஸ்குவைப் பிடிக்க முடியாதபோது ஊரைச் சுற்றியிருந்த தோப்புகளை வெட்டிவிட்டு அதையே வெற்றியாக எழுதினான். கோட்டை விழாத இடத்தில் மரம் விழுந்தது என்று நான் இதைப் படிக்கிறேன். முற்றுகையின்போது கனிமரங்களை வெட்டாதே, மரம் என்ன மனிதனா என்று கேட்கும் பைபிளின் உபாகமம் 20:19-ஐ இந்த அசீரிய வழக்கத்துக்கான எதிர்க்குரலாகப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

வெட்டியவர்களே நட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. கி.மு. 1100 வாக்கிலேயே முதலாம் திக்லாத்பிலேசர், தான் வென்ற நாடுகளிலிருந்து கேதுருவும் வேறு மரங்களும் கொண்டுவந்து, முன்னோர் யாரும் நடாததைத் தன் நாட்டுத் தோட்டங்களில் நட்டதாகச் சொன்னான். அசுர்நசிர்பால் ‘மேல் சாப்’ என்ற ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, போர்ப்பயணங்களில் பார்த்த மரங்களைக் காலாவில் வளர்த்தான். அந்த மரங்களின் நீண்ட பட்டியலே ஒரு கல்லில் இருக்கிறது. புது அரண்மனைத் திறப்புக்கு 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வைத்த அதே கல்தான். சார்கோனும் சனகெரிப்பும் தங்கள் தோட்டங்களை அமானுஸ் மலையின் நகல் என்றே எழுதினார்கள். துருக்கியின் தெற்கில் இருக்கும் மலை அது. சார்கோனின் ஒரு பலகையில் அப்படியான பூங்கா ஒன்று தெரிகிறது: மரங்கள் அடர்ந்த குன்று, உச்சியில் பலிபீடம், கீழே ஏரி, கரையில் தூண் வைத்த சின்ன மண்டபம். எதிரி நாட்டில் ஏற முடியாமல் ஏறிய மலை இங்கே நடைபாதை போட்டு வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சனகெரிப் மலையோடு நிறுத்தவில்லை. நினிவேயில் செயற்கையாக ஒரு சதுப்பை உண்டாக்கி, நாணல் நட்டு, கொக்குகளையும் காட்டுப்பன்றிகளையும் விட்டான். அவை அங்கே பெருகின என்று பூரிப்போடு எழுதுகிறான். அவன் அரண்மனை முற்றத்தில் பிரம்மாண்டமான காளைச் சிலையை ஆட்கள் கயிறு கட்டி இழுக்கும் காட்சி உண்டு. அதன் ஓரத்தில் நாணலுக்குள் ஒரு பன்றி தன் குட்டிகளோடு போகிறது, மான்கள் நிற்கின்றன. முதலில் பார்ப்பவர்கள் சிற்பியின் விளையாட்டு என்று கடந்துபோவார்கள். கல்வெட்டைப் படித்த பிறகு அந்தப் பன்றிக்குட்டிகள் வேறு மாதிரித் தெரியும்: தெற்கின் சதுப்பு வடக்கில் குட்டி போட்டிருக்கிறது. இதே மன்னன்தான் கம்பளி காய்க்கும் மரங்களை நட்டு, அவற்றைக் கத்தரித்து ஆடை நெய்ததாக எழுதினான். அது பருத்தி. தண்ணீருக்காக மலையிலிருந்து கால்வாய்கள் வெட்டி, ஜெர்வான் என்ற இடத்தில் 20 லட்சத்துக்கும் மேலான கற்களால் கால்வாய்ப் பாலம் கட்டினான். பாபிலோனின் தொங்கு தோட்டம் என்று பேசப்படுவது உண்மையில் நினிவேயின் இந்தத் தோட்டமே என்று அசீரிய ஆய்வாளர் ஸ்டெஃபனி டாலி வாதிடுகிறார். நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் அசுர்பானிபாலின் ஒரு பலகையில் வளைவுப் பாலத்தின்மேல் ஓடும் கால்வாயும் சரிவில் மரங்களும் இருப்பதைப் பார்த்தால் அந்த வாதம் எங்கிருந்து கிளம்புகிறது என்று புரியும்.

நான்கு வேலைகளும் ஒரே காட்சிக்குள் வரும் இடம் அசுர்பானிபாலின் தோட்ட விருந்து. திராட்சைப் பந்தலுக்குக் கீழே மன்னன் சாய்வுக்கட்டிலில், எதிரே உயர்ந்த நாற்காலியில் அரசி லிப்பாலி-ஷரத், கையில் கிண்ணம். விசிறி வீசும் பணிப்பெண்கள், யாழ் மீட்டுபவர், மரத்தில் பறவை. இருபுறமும் ஊசியிலை மரமும் பேரீச்சையும் மாறி மாறி நிற்கின்றன. ஒன்று மலையின் மரம், இன்னொன்று தெற்குச் சமவெளியின் மரம். நினிவே இருக்கும் வடக்கில் பேரீச்சை ஒழுங்காகப் பழுப்பதில்லை. ஆனாலும் பேரரசின் இரண்டு முனைகளும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். இடப்பக்கம் ஒரு மரத்தில் தேயும்மனின் வெட்டிய தலை தொங்குகிறது. யாழுக்குப் பக்கத்தில். இந்தக் காட்சியில் போர் எங்கே என்று கேட்டால் அந்தத் தலையைக் காட்டுவார்கள் எல்லோரும். நான் மரங்களையும் சேர்த்துக் காட்டுவேன்.

சரி, அந்த விசித்திர மரம். அசுர்நசிர்பாலின் அரியணை அறையில், அரியணைக்குப் பின்னாலேயே அது இருக்கிறது: தண்டு, உச்சியில் விசிறி இலை, சுற்றிலும் சங்கிலிபோலப் பின்னிய கொடியில் சின்னச் சின்ன விசிறிகள். இருபுறமும் மன்னன் இரண்டு முறை, மேலே இறக்கையுள்ள ஒரு வட்டத் தட்டு, பின்னால் கையில் வாளியும் கூம்பும் பிடித்த இறக்கை உருவங்கள். அதே அரண்மனையின் அறை மூலைகளிலும் மறுபடி மறுபடி வருகிறது. நீங்கள் தேடினாலும் எந்தக் காட்டிலும் இது கிடைக்காது. மற்ற மரங்கள் எல்லாம் எந்த நாடு என்று சொல்லும். இது எந்த நாட்டிலும் இல்லை. அடியில் மலை கிடையாது, பக்கத்தில் ஆறு கிடையாது. கூம்பை வைத்துப் பேரீச்சைக்கு மகரந்தம் தூவுகிறார்கள் என்று 1890-இல் மானிடவியலாளர் எட்வர்டு டைலர் சொன்னது இன்றும் பலருக்குப் பிடித்த விளக்கம். ஆனால் அதே கூம்பை மன்னனை நோக்கியும் நீட்டுகிறார்கள், அசீரியர்களே அதைத் தூய்மை செய்யும் கருவி என்றுதான் அழைத்தார்கள். அதனால் மகரந்தத்தோடு விஷயம் முடியவில்லை. 1993-இல் அசீரிய ஆய்வாளர் சிமோ பார்ப்போலா அந்த மரத்தை யூத மறைஞானத்தின் வாழ்வு மர வரைபடத்தோடு இணைத்தார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் காலத்தை நினைத்தால் எனக்கு அது அதிகமாக இழுத்தது போலப் படுகிறது. என் கணக்கில் அது விளைச்சலும் ஒழுங்கும் சேர்ந்த நிலை. மன்னன் அதைப் பேணுபவன். அதனால் ‘வாழ்வின் மரம்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவதைவிட, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: மன்னன் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், எதிரே நிற்பவன் கண்ணில் மரமும் மன்னனும் ஒன்றாகப் படும்படி.